ஆறுமணிக் குருவிக்கு ரெண்டாவது சத்தம் வந்த கதை

அந்தக் காலத்துல, புழுபூச்சியெல்லாம் நம்மள விட அதிகமா வாயடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, ஆறுமணிக் குருவிக்கு ஒத்தச் சத்தந்தான். விடியும்போது ஒரு "வீட்", அடையும்போது ஒரு "வீட்". கடிகாரமே பொறக்கல, அதுக்குள்ள அவ மணியடிச்சா! உடம்புல ஒம்பது கலரு. வாலு மட்டும், தைக்கிறவன் துணி பத்தாம விட்ட மாதிரி, துண்டா நிக்கும்.

குளிருக்கு நம்ம பக்கம் வருவா. வெயில் ஏறுனா, குஞ்சு பொரிக்க வடக்கு மலைக்குப் போயிருவா. எப்பவும் போறது, இலுப்பைப் பூ கடைசியா உதிர்ற அன்னைக்கு.

அந்த வருசம் வாலாட்டிக் குருவி முன்னாடியே மூட்டை கட்டிருச்சு.

"ஏ மதினி, கெளம்பு. மலையில மனுசங்க மரத்த வெட்டி கரிமூட்டம் போட்டுட்டாங்களாம். நெழலு போச்சு, மண்ணு சுடுதாம். சுட்டா புழு தூங்குமா? முன்னாடியே எந்திரிச்சு, றெக்க மொளச்சுப் பறந்துரும். அப்புறம் குஞ்சுக்கு என்னத்த ஊட்டுவ?"

"போடி, வால ஆட்டுற மாதிரியே வாயையும் ஆட்டாத. எங்காத்தா மலைக்குப் போன நாளுலதான் நானும் போவேன்."

சொன்ன மாதிரியே, பூ உதிர்ந்த அன்னைக்குக் கெளம்புனா. போயி கூடு கட்டி, முட்ட போட்டு, நாலு குஞ்சு பொரிச்சா. நாலும் வாயத் தொறந்துச்சு.

இரை தேடப் போனா. காட்டுல ஒரு அசைவு இல்ல. ஒரு சருகைப் புரட்டுனா, புழு கழட்டிப் போட்ட வெறுந்தோலு. அடுத்த சருகு, அதுலயும் தோலு. கெளைக்குக் கெள வெறும் புழுக்கூடு தொங்குது. காத்துல உரசி, அதுக கிசுகிசுன்னு பேசிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

திரும்புற வழியில, கெழட்டு அந்துப்பூச்சி ஒண்ணு மரத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

"எங்களத் தேடுறியா? எல்லாரும் றெக்க மொளச்சு, பறந்து, செத்தும் போயிட்டோம். உனக்குச் சொல்லிட்டுப் போகலாம்னு நான் மட்டும் இருந்தேன்."

"நான் நாள் தப்பலையே!"

"நீ தப்பல மகராசி. நாளுதான் தப்பிருச்சு."

வந்த வரைக்கும் லாபம்னு அதையே கவ்விக்கிட்டுப் பறந்தா. பாதி வழியில அது தூளா உதிர்ந்துருச்சு.

கூட்டுல நாலு வாயும் தொறந்தபடியே இருந்துச்சு. சத்தமில்ல.

"வீட்"னு கூப்புட்டா.

கடைசிக் குஞ்சு மட்டும் "ட்யூ"ன்னுச்சு. அதோட சரி.

அந்தச் சத்தம் கீழ விழுந்தா தொலைஞ்சிருமேன்னு, அந்தரத்துலயே அலகால கவ்வி முழுங்கிட்டா.

அன்னையிலேருந்துதான் அவ நம்ம பக்கம் வந்தா சருகு சருகாப் புரட்டிக்கிட்டு அலையுறதும், விடிஞ்சா அடஞ்சா "வீட்... ட்யூ"ன்னு ரெண்டு சத்தம் குடுக்குறதும். மொத சத்தம் அவ கூப்புடுறது. ரெண்டாவதுக்கு அவ அலகு அசையாது. நான் அளக்குறேன்னு நெனச்சா, கிட்டப் போயிப் பாருங்க.