முதலாளி வீட்டுப் பூட்டு

திண்டுக்கல் பூட்டு வியாபாரி சவரிமுத்துவுக்கு ஆத்திரம். நல்ல பூட்டு எதுவென்று கேட்டால், ஏஐ எதிர்க்கடைப் பெயரையே சொல்கிறது. சரக்கெடுக்க வந்திருந்த விற்பனை ஏஜெண்டுகள் முன்னால், பார்சல் கட்டும் செங்கமலத்தின் மேல் பாய்ந்தார்.

"நாளைக்குள்ள அது நம்ம பேரைச் சொல்லணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!"

"நம்ம வெப்சைட்டுல 'உலகத்தரம்'னு மட்டும்தான் இருக்கு மொதலாளி. ஜனங்க கேக்கற கேள்விக்குப் பதில் போட்டா, அது எடுத்துச் சொல்லும்."

"கேளு, சொல்றேன்!"

ஜனங்கள் கேட்டிருந்த முதல் கேள்வியைப் போனைப் பார்த்து வாசித்தாள். "'உங்க முதலாளி வீட்டுல எந்தப் பூட்டு தொங்குது?'"

சவரிமுத்து மேசைமேல் கிடந்த தன் வீட்டுச் சாவிக்கொத்தைச் சட்டென்று கையால் மூடினார். அதற்குள் அதிலிருந்த எதிர்க்கடை முத்திரையை ஏஜெண்டுகள் பார்த்துவிட்டார்கள்.

"அந்தக் கேள்விய விட்டுடும்மா," என்றார், தரையைப் பார்த்து.

"அப்ப ஏஐயைத் திட்டாதீங்க மொதலாளி. நீங்க வாங்கின கடையத்தானே அதுவும் சொல்லுது!"