உடையாத சாடி

போர் செய்யும் துறவிகளான ஆலய வீரர் சபையைப் பாப்பரசர் விசாரித்தாரே, அந்த வழக்கைப் பற்றி அறிஞர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் குற்றவாளிகளா, வீண்பழி சுமந்தவர்களா என்பதைப் படித்தவர்கள் பேசித் தீர்க்கட்டும். வழக்கு நடந்த நாளிலேயே பிரான்சு நாட்டு மடம் ஒன்றில் இதே சண்டை சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது.

அங்கே ஓங்கிப் பேசியவர் லாம்பெர்ட். நாற்பது வயதுத் துறவி, சட்டம் படித்தவர், கெட்டிக்காரர். அது அவருக்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மறுநாள் ஆயரின் மன்றத்தில், ஜெரால் என்ற வயதான வீரரைப் பற்றி அவர் கருத்துச் சொல்ல வேண்டும். அவர் பேச்சைத்தான் ஆயர் கேட்பார்.

சபையில் சேர்ந்த அன்று சிலுவைமேல் துப்பியதாக ஜெரால் முதலில் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு பாப்பரசர் அனுப்பிய விசாரணையாளர்கள் முன்னால், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று மறுத்துவிட்டார். முதலில் சொன்னதுதான் உண்மை என்று முடிவானால், மறுத்த குற்றத்துக்காக அவரை உயிரோடு எரிப்பார்கள்.

மேசையில் என்னதான் வீறாப்பாகப் பேசினாலும் லாம்பெர்ட்டுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன் குரு அல்பெரிக்கைத் தேடிப் போனார்.

"சுவாமி, ஒரே வாய் இரண்டு விதமாகப் பேசுகிறது. எதை நம்புவது?"

"நீ எதை நம்புகிறாய்?"

"முதலில் சொன்னதைத்தான். எந்த அறை, யார் கதவைச் சாத்தியது என்பதுவரை சொல்லியிருக்கிறார். நடக்காததை ஒருவர் இவ்வளவு விவரமாகச் சொல்வாரா?"

அல்பெரிக் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பச்சைச் சாடி இருந்தது. பீடத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் சாடி. அதைப் பார்த்ததும் லாம்பெர்ட்டின் முகம் வெளுத்துவிட்டது.

தவக்காலத்தில் காணாமல் போன சாடி அது. குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்ளும்வரை எல்லாரும் முழங்காலில் நிற்க வேண்டும் என்பது மடத்து வழக்கம். தவக்காலத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நம் சட்ட மேதை, 'நான்தான்' என்று சொல்லிவிட்டார். கிணற்றடியில் வழுக்கியது, சாடி சுக்குநூறாகிவிட்டது, சில்லுகளை ஆற்றில் போட்டேன் என்று கோவையாக ஒரு கதையும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். தண்டனையாகக் கொஞ்ச நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தச்சுக் கொட்டகையில் பலகைகளுக்குப் பின்னால் கிடந்ததாம். இன்று காலையில்தான் கிடைத்தது" என்றார் அல்பெரிக்.

லாம்பெர்ட் சாடியைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"முழங்கால் விட்டுப்போயிற்று, சுவாமி. பசி வேறு."

"ஜெராலை என்ன செய்தார்கள்?"

"உள்ளங்காலில் கொழுப்பைத் தடவி நெருப்பில் காட்டினார்கள்."

"நான் உடைக்கவில்லை என்று பிறகாவது சொன்னாயா?"

"சொன்னால் மறுபடி முழங்காலில் நிற்க வேண்டும். துணிவு வரவில்லை."

"மறுத்தால் எரிப்பார்கள் என்று ஜெராலுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானே போய்ச் சொன்னேன். அந்தக் காலோடு அவரால் நிற்கவே முடியாது, சுவாமி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். நின்றுகொண்டே, 'நான் துப்பவில்லை' என்றார். அப்படி ஒரு நெஞ்சை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

அல்பெரிக் சாடியை எடுத்து லாம்பெர்ட்டின் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு இதை மன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போ. ஆயர் முன்னால் வைத்து, இதை உடைத்தது நான்தான் என்று சொல். அப்புறம் ஜெராலைப் பற்றிப் பேசு."