பாதி விட்டம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் பக்கத்து வீட்டு நல்லாண்டி. அவன் தம்பிகள் வேலாண்டியும் பாலாண்டியும் வரிசையாக அடுத்தடுத்துச் செய்தார்கள். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். இரண்டு கூரையையும் தாங்குவது ஒரே தேக்கு விட்டம்.

நல்லாண்டி மகள் கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். வட்டம், செவ்வகம், முக்கோணம் மட்டும் வைத்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஓவியம் தீட்ட வேண்டுமாம். பிறகு அதில் கணக்குப் போட வேண்டுமாம்.

"ஆளு, மாடு, மரம் எதுவும் இல்லாம என்னடா படம்?"

"நவீன ஓவியம்ணே. என்னன்னு யாருக்கும் புரியக் கூடாது."

"அப்ப நமக்குச் சுலபம்!"

சுவர் முழுக்க வரைந்தார்கள். 'செங்கோணம்' என்று தாளில் இருந்ததால் மூலைக்கு மூலை சிவப்பு அடித்தார்கள். செவ்வகமும் சிவப்புதான். சதுரம் என்ன நிறம் என்று மத்தியானம் வரை சண்டை.

கோமதி கடைசி வரியைப் படித்தாள்: "விட்டத்தில் பாதி ஆரம்."

மூவரும் அண்ணாந்து கூரை விட்டத்தைப் பார்த்தார்கள். நல்லாண்டி பெண்டாட்டி செண்பகம் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பதினாலு வருசமா ஒரு ஆரம் கேக்குறேன். தலைக்கு மேல வச்சுக்கிட்டா இல்லைன்னீங்க?"

"ஐயோ அம்மா, இது வட்டத்துக்குள்ள இருக்கிற விட்டம்!" என்றாள் கோமதி.

"சின்னப் புள்ள, சும்மா இரு. அம்மாம் பெரிய கட்டை வட்டத்துக்குள்ள எப்படிப் போகும்?" என்றான் நல்லாண்டி.

"எந்தப் பாதிண்ணே அறுக்க?"

"நம்ம பாதியை அறுத்தா நம்ம கூரை விழுமே."

"பக்கத்து வீட்டு மாமா பாதியை அறுத்தா?"

"மாமா கூரை விழும்."

"அப்ப அதான் சரி. அவரு ஒத்தை ஆளு, ஓரமா ஒதுங்கிக்குவாரு."

நான் சந்தைக்குப் போய்த் திரும்பினேன். என் சோற்றுப்பானைக்குள் கூரை ஓடு. என் பாதி விட்டத்தில் கயிறு கட்டி மூன்று பேரும் செண்பகத்தின் முன்னால் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் குனிங்க மதினி, மாட்டிவிடுறோம்."

"என் விட்டத்தைக் குடுங்கடா!" என்று கத்தினேன்.

"கோபப்படாதீங்க மாமா, காலையில வந்துரும்."

காலையில் சாக்குக்கட்டியோடு வந்தார்கள். என் வீட்டுத் தரையில் பெரிய வட்டம் போட்டு, நடுவே நேராக ஒரு கோடு இழுத்தார்கள்.

"இந்தாங்க விட்டம். கோமதியே சரின்னுட்டா. நாங்க எடுத்தது பாதி, குடுத்தது முழுசு. மிச்சப் பாதியை எப்ப மாமா திருப்பித் தருவீங்க?"

அன்று சாயங்காலம் மழை. கூரை இல்லாத வீட்டில் கோடு எப்படி நிற்கும்? என் பாதி இன்னும் வரவில்லை. ஆனால், கொடுத்த விட்டத்தைக் கரைத்துவிட்டவன் என்று தெருவெல்லாம் எனக்குத்தான் கெட்ட பெயர்.