பொட்டலம் படுத்த கதை

கண்ணை மூடு குழலி. மூடிக்கிட்டுதான் கேக்கணும், அதுதான் பேச்சு. அத்தை ராத்திரி டூட்டி முடிச்சு ஆஸ்பத்திரியில இருந்து காலையில வந்தவ. வந்ததும் உங்க அப்பன், அதான் என் தம்பி, அக்கா கொஞ்சம் மாவு அரைச்சுக் குடுன்னு நிக்கிறான். குளிச்சு, சாப்பிட்டு, இப்பதான் தலையைச் சாய்க்கிறேன், மத்தியானம் ரெண்டு மணி, நீ கதை கேக்குற. சரி, ஒண்ணே ஒண்ணு. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நானும் தூங்கிருவேன்.

என்ன, ராஜா வேண்டாமா? நரியும் வேண்டாமா? நீ ஆடுற அந்த கேம்ல வர்ற மம்மியா? உனக்குக் கதை சொல்ல மம்மியைப் பத்தியெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கணும், அப்படித்தானே. தெரியும்டி. துணி சுத்தின ஆளைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்? பதினாறு வருஷமா கட்டுப் போட்டுக்கிட்டுதானே இருக்கேன்.

ஒரு ஊர்ல... ஊர் இல்ல, ஒரு கேம்ல, மணலுக்கு அடியில ஒரு கல் மண்டபம் இருந்துச்சாம். அந்த மண்டபத்துல ஒரு மம்மி. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி. கடையில மிக்சர் கட்டித் தர்ற மாதிரி இருக்கறதால அதுக்குப் பேரு பொட்டலம். யாரு வச்ச பேரா? நான்தான் வச்சேன், இப்பதான். உள்ள என்ன இருந்துச்சுன்னு கேளு. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. துணிதான் அது, அதுதான் துணி.

ம்.

அந்தப் பொட்டலம் கையை நீட்டிக்கிட்டு, சரக்... சரக்... சரக்குன்னு மண்டபத்தைச் சுத்திச் சுத்தி வரும். எதுக்கு அப்படி நடக்குது? கேம் ஆடுறவங்க எல்லாரும் என்ன நெனச்சாங்க, அது ஆளைப் பிடிச்சுக் கழுத்தை நெரிக்கத்தான் வருதுன்னு நெனச்சாங்க. அது இல்ல விஷயம். அதுக்குத் தூக்கம். ஆயிரம் வருஷமா தூங்காத தூக்கம்.

படுத்துத் தூங்க வேண்டியதுதானேங்குற. அங்கதான் சங்கடம். அதுக்கு ஒரு கல்லுப் பெட்டி இருக்கு, மூடி இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல அதுக்குத் துணி சுத்தினான் பாரு ஒரு ஆளு, அவன் கடைசி நுனியைக் கட்டாம விட்டுட்டான். சோத்துக்குப் போற அவசரமோ என்னவோ. நுனி முதுகுல தொங்குது. பொட்டலம் படுத்துச்சுன்னா, அப்படியே ஒருக்களிச்சுப் புரண்டுச்சுன்னா, சர்ர்ர்ருன்னு துணி அவுர ஆரம்பிச்சிடும். முழுசா அவுந்துட்டா? உள்ளதான் ஒண்ணும் இல்லையே. பொட்டலமே இல்லாமப் போயிடும். அதனால பயந்துக்கிட்டு அது படுக்கவே இல்ல.

எனக்கு இந்த இடத்துல வர்ற கோவம் இருக்கே. எங்க வார்டுல எவளாவது கட்டு நுனியை அப்படி விட்டுட்டுப் போனா, அன்னிக்கு நான் பேசுற பேச்சுல அவ சாப்பிட மாட்டா.

சரி. அப்புறம், தானே கட்டிக்கலாமேன்னா, கை ரெண்டும் விரலோட சேர்த்துச் சுத்தியிருக்கு. அப்போ யாராவது வந்துதான் கட்டிவிடணும். வாயைத் திறந்து கேக்கலாம்னா, வாய்க்கு மேலயும் மூணு சுத்து. என்ன பேசினாலும் "ம்ம்ம்ம்"னுதான் வரும். நீ கொட்டுறியே, அதே சத்தம்தான், கொஞ்சம் பெருசா.

ம்.

அப்புறம் அந்த கேமோட முதல் பாகத்துல ஒரு வீரன் வந்தான். வாளு, கேடயம், கையில தீப்பந்தம். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு, கதவோட சாவி பொட்டலத்துக்கிட்ட. எல்லாப் பாகத்துலயும் அப்படித்தான், கதவுக்குப் பின்னாடி ஏதாவது ஒண்ணு வச்சிருப்பாங்க. முதல் பாகத்துல ஒரு வேல், ரெண்டாவதுல கிரீடம், மூணாவதுல ஒரு சங்கு. சங்கை வச்சு என்ன பண்ணுவாங்கன்னு என்னைக் கேக்காத, கேம் செஞ்சவங்களைக் கேளு.

வீரனைப் பார்த்ததும் பொட்டலத்துக்கு ஒரே சந்தோஷம். ஆயிரம் வருஷத்துல முதல் ஆளு. சரக் சரக்குன்னு வேகவேகமா, கையை நீட்டிக்கிட்டு, ம்ம்ம்ம்னு ஓடி வந்துச்சு. கொஞ்சம் கட்டிவிடுப்பான்னு அது சொல்லுது. அவனுக்கு எப்படிக் கேக்கும்? தீப்பந்தத்தை நீட்டினான். தொங்குற நுனியில பத்திக்கிச்சு. புஸ்ஸ்ஸ். சாவி கீழ விழுந்துச்சு, டிங். எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டான்.

செத்துப்போச்சான்னு கேக்குற. இல்ல, கேம்ல அப்படி இல்லையே. அடுத்த பாகம் வந்தா அதையும் திரும்ப எழுப்பிக் கூட்டிட்டு வந்துருவாங்க. ஆனா எரிஞ்ச துணி எரிஞ்சதுதான், புதுத் துணி யாரும் வாங்கித் தரல. ரெண்டாம் பாகத்துல எந்திரிச்சுப் பார்த்தா முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்ல. தத்தித் தத்தி, தொப்... தொப்... தொப்புன்னு நடக்குது. முன்னவிடப் பயங்கரமா இருக்கு பார்க்க.

அப்போ பொட்டலம் யோசிச்சுச்சு. நம்ம மூஞ்சியைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. முதுகைக் காட்டிக்கிட்டே போனா நுனி தெரியும், கட்டி விட்டுருவாங்க. நல்ல யோசனைதான், இல்ல? ரெண்டாவதா ஒரு வில்லாளி வந்தான். பொட்டலம் திரும்பி நின்னுக்கிட்டு, பின்பக்கமாவே தொப்பு தொப்புன்னு போச்சு. பின்னாடி கண்ணா இருக்கு? நேராப் போய்த் தூணுல டொம்முன்னு மோதிச்சு. வில்லாளி தூரத்துல நின்னுக்கிட்டே ஒரு தீ அம்பு விட்டான், விர்ர்ர்ர். புஸ்ஸ்ஸ். டிங். அவனும் போயிட்டான். பக்கத்துல கூட வரல அவன்.

சிரிக்காத. தூணுல மோதினதுக்குச் சிரி, சரி. மத்ததுக்குச் சிரிக்காத.

ம்.

மூணாம் பாகம். இப்போ இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நெஞ்சு, ரெண்டு கை, தலை, அவ்வளவுதான் பொட்டலம். முழங்கையை ஊனி ஊனி, தர்ர்... தர்ர்னு தரையில இழுத்துக்கிட்டு வருது. இன்னொரு தடவை எரிஞ்சா ஒரு கைக்குட்டை அளவு மிஞ்சும். அதுக்கடுத்த பாகத்துக்கு அதைப் போய் யாரு எழுப்புவா? அதுவும் தூங்காமலே போய்ச் சேரணுமா? சிரமப்பட்டவங்களுக்கு ஒரு தூக்கம் குடுக்காம அனுப்பக்கூடாது குழலி.

அப்போ மூணாவதா ஒரு பொண்ணு வந்தா. பேரு அரும்பு. வயசு பதினேழு இருக்கும். வாளும் இல்ல வில்லும் இல்ல. அவ அப்பா எலும்பு முறிஞ்சா கட்டுப் போடுற வைத்தியர். மூங்கில் பத்தை வச்சு, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் தடவி, துணி சுத்துவாங்கள்ல, அந்தக் கட்டு. அஞ்சு வயசுல இருந்து அப்பாவுக்குத் துணி கிழிச்சுக் குடுத்த கை அவ கை.

அவகிட்டயும் ஒரு தீப்பந்தம் இருந்துச்சு. இருந்துச்சா, மண்டபத்துக்குள்ள நுழையற இடத்துல மேல இருந்து வௌவால் கூட்டம் படபடபடன்னு இறங்கி, சிறகடிச்ச காத்துல பந்தம் அணைஞ்சே போச்சு. நெருப்புப் பெட்டியை எடுத்துத் தேய்ச்சா. அவ வேர்வையிலயே குச்சியெல்லாம் நமுத்துப் போச்சு. மேல ஒரு ஓட்டை வழியா கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்துல பார்க்கறா, தர்ர்... தர்ர்...

ஓடிப் பார்த்தா. சுவரு. இந்தப் பக்கம் திரும்பினா. அங்கயும் சுவரு. மூலையில உக்காந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. தர்ர்... தர்ர்... கிட்ட வந்துருச்சு. அப்புறம் சத்தமே இல்ல.

ம்.

ரொம்ப நேரம் கழிச்சு அரும்பு ஒத்தைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தா. பொட்டலம் அவ முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு. மூணு பாகத்துல இவ்வளவு கிட்ட வர்ற வரைக்கும் அதை யாரும் விட்டதில்ல, அதனால எப்படி உக்காரணும்னு கூடத் தெரியாம உக்காந்திருந்துச்சு. முதுகுல கருகின நுனி தொங்குது.

அதைப் பார்த்ததும் அரும்புக்கு இருந்த பயம் எங்க போச்சுன்னே தெரியல. கோவம் வந்துருச்சு.

"யாருய்யா இந்தக் கட்டைப் போட்டது? நுனியை இப்படியா விடுவாங்க?"

நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்புறம் என்ன, உக்காந்து வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. தொங்கினதைத் திரும்ப இறுக்கமா சுத்தினா. சுத்தி முடிச்சா நுனி பத்தல, கருகினது கையோட பொடியா வருது. முடிச்சுப் போட இன்னும் ரெண்டு முழம் வேணும். அவ பாவாடையைக் கிழிக்கலாம்னு பார்த்தா, பூப்போட்ட வழவழத் துணி, வழுக்கும், முடிச்சு நிக்காது. மேலயும் கீழயும் பார்த்தா. பார்த்துட்டு, உன் வாயைச் சுத்தி இருக்குற மூணு சுத்தை எடுத்துக்கவான்னு கேட்டா. பொட்டலம் ம்முன்னு தலையாட்டுச்சு.

அதை அவுத்து, கிழிச்சு, வாய்கிட்ட மிஞ்சின ஓரத்தைச் செருகிவிட்டு, எடுத்த துணியை முதுகு நுனியோட சேர்த்து முடிஞ்சா. இப்ப பாரு, எப்படிக் கட்டணும்னு. நுனியை நடுவுல பர்ருன்னு கிழிச்சு ரெண்டு வால் ஆக்கணும். கிழிசல் மேல போகாம அடியில ஒரு முடிச்சு. அப்புறம் ஒரு வாலை இந்தப் பக்கம், இன்னொரு வாலை அந்தப் பக்கம் சுத்திக் கொண்டு வந்து கட்டணும். முதுகுல கட்டக்கூடாது, படுத்தா உறுத்தும். விலாப் பக்கமாக் கட்டணும். அரும்பு அப்படித்தான் கட்டினா. கட்டிட்டு, ரெண்டு விரலை உள்ள விட்டுப் பார்த்தா, ரொம்ப இறுக்கமும் இல்ல, தொளதொளன்னும் இல்ல. முதுகைத் தட்டி, ஆச்சுன்னு சொன்னா.

பொட்டலம் அப்படி அசைஞ்சு பார்த்துச்சு, இப்படி அசைஞ்சு பார்த்துச்சு. எதுவும் அவுரல.

ம்.

அப்பதான் அரும்புக்கு வந்த வேலை ஞாபகம் வந்துச்சு. சாவி அதோட கைச் சுத்துல செருகியிருக்கு, பிடுங்கலாமா கூடாதான்னு அவ தயங்கித் தயங்கிப் பார்க்கறா. இதுக்கு இப்போ வாய்தான் திறந்துருக்கே. ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் பொட்டலம் பேசின முதல் பேச்சு இதுதான்.

"சாவியா தாயி? கேட்டிருந்தா எல்லாருக்கும் குடுத்திருப்பேனே."

அரும்புக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரெண்டு தடவை எரிச்சாங்களே, இந்த ஒரு வார்த்தையைக் கேக்காம. அவ சாவியை வாங்கிக்கிட்டா. வாங்கிக்கிட்டு உடனே கதவுப் பக்கம் போகல. அதை ரெண்டு கையிலயும் தூக்கினா, ஒரு தலையணை கனம்கூட இல்ல. கல்லுப் பெட்டிக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சா. காலு இல்லைன்னா என்ன, தூங்க எதுக்குக் கால்? பொட்டலம் ஒருக்களிச்சுப் புரண்டு பார்த்துச்சு. நிக்குது கட்டு. கிர்ர்ர்ர்னு மூடியை அவளே இழுத்து மூடினா, காத்துக்கு ஒரு விரக்கடை இடம் விட்டு. மூடி முடிக்கறதுக்குள்ள உள்ள இருந்து குறட்டை வந்துருச்சு.

அந்தச் சங்கா? எடுத்தா, ஊதினா, ஏதோ நல்லது நடந்துச்சு. அது கிடக்கட்டும்.

நாலாவது பாகமும் வந்துச்சு குழலி. பெரிய மீசைக்காரன் ஒருத்தன், ரெண்டு கையிலயும் ரெண்டு தீப்பந்தம், தடதடன்னு மண்டபத்துக்குள்ள வந்தான். யாரும் கையை நீட்டிக்கிட்டு வரல. சரக்கும் இல்ல, தொப்பும் இல்ல, தர்ர்ரும் இல்ல. கல்லுப் பெட்டி மூடியிருக்கு. இந்தத் தடவை கேம் செஞ்சவங்க அதை எழுப்பல, மூடி மேலயே புதுச் சாவியை வச்சுட்டாங்க, வர்றவங்க எடுத்துக்கட்டும்னு. காதை வச்சுக் கேட்டான். உள்ள கொர்ர்ர்... கொர்ர்ர்...

மீசைக்காரன் ஒரு நிமிஷம் நின்னான். ரெண்டு பந்தத்தையும் மணல்ல குத்தி அணைச்சான். செருப்பைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சாவியைச் சத்தம் வராம எடுத்து, நுனிக் கால்ல நடந்து போய், கதவை மெல்ல, ரொம்ப மெல்லச் சாத்திட்டுப் போனான்.

அவ்வளவுதான்டி. பொட்டலமும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. தள்ளிப் படு, அத்தைக்கும் கொஞ்சம் இடம் விடு.