வாடாத இலை

முன்னொரு காலத்தில், எதைக் கண்டாலும் "இது ஏன் இப்படி?" என்று குடைந்து கேட்கிற ராஜா ஒருவன் இருந்தான். அவனுக்குக் காட்டவென்றே மலையிலிருந்து வெள்ளச்சி என்பவள் ஒரு கொய்யாக் கிளையை ஒடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒரு இலை இலையில்ல சாமி, பூச்சி! காலு, உடம்பு, நரம்பு எல்லாம் அச்சு அசல் இலைதான்."

ராஜா மூக்கு கிளையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். சபையே பார்த்தது. எல்லாம் இலையாகத்தான் இருந்தது.

"எது பூச்சி? நீயே காட்டு."

வெள்ளச்சி திருதிருவென்று விழித்தாள். "மலையில பாத்தேன் சாமி. இங்க வந்ததும் எனக்கே தெரியலையே!"

பிரதானி வன்மீகர் எழுந்தார். "அரசே, இவள் தங்களை ஏமாற்ற வந்தவள். கையை வெட்ட உத்தரவிடுங்கள்."

வெள்ளச்சி ஓவென்று அழுதாள். பார்த்தவர்களுக்கு முகம் வாடிப்போயிற்று. சபை விகடகவி உப்பிலிக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, பூச்சியை நான் காட்டுகிறேன்."

உப்பிலியை ஒழிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த பிரதானிக்கு வாயெல்லாம் பல். "கிளையை உலுக்கக் கூடாது. ஓர் இலையைக்கூடத் தொடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால் இவன் கையும் போகட்டும்!"

பூச்சியைப் பார்க்கிற ஆசையில் ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

உப்பிலி கிளையைத் தட்டோடு முற்றத்து வெயிலில் வைக்கச் சொன்னான். ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்தான். தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கை போகப் போகிற ஆசாமியின் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

மாலையில் வந்து பார்த்தால், இலையெல்லாம் வாடித் தொங்குகிறது. ஒன்றே ஒன்று மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. ராஜா அதன்மேல் மெல்ல ஊதினான். அடேயப்பா, அது ஆறு காலையும் எடுத்து வைத்து நடந்தது! ராஜா கைதட்டிக் குதித்தான்.

"எப்படி அறிந்தாய், உப்பிலி?"

"ஒடித்த கிளையில் இலையாய்ப் பிறந்தது வாடும், அரசே. இலை வேஷம் போட்டது ஏன் வாடப்போகிறது? சபையைப் பார்த்ததும்தான் இந்த யோசனை வந்தது. இவள் அழுதபோது தங்கள் முகம் உட்பட அத்தனை முகமும் வாடியது. ஒரு முகம் மட்டும் வாடவே இல்லை."

எல்லோரும் பிரதானியைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பிரதானியாரே, உமது பட்டுச் சால்வையை உப்பிலிக்குப் போர்த்தும். முத்துமாலையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் கொடும்."

பிரதானியின் முகம் தொங்கிப்போயிற்று. உப்பிலி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கிட்டே போய் அந்த முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அரசே, அவசரப்பட்டுவிட்டேன். வாடிவிட்டதே! இதுவும் நிஜ இலைதான்!"