மூன்றே அடியில் படிந்த நாய்க்குட்டி

காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். மூக்கையும் தீட்டிக்கொண்டால் நல்லது. இந்தக் கதைக்கு அதுவும் வேண்டியிருக்கும்.

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் வெகுகாலம் முன்னால், கருவேல நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற மன்னன் ஆண்டான். வீரன்தான், கொடையாளிதான். ஆனால் கோபம் அவனுக்கு மூக்கு நுனியிலேயே இருந்தது. சோறு சுட்டாலும் கத்துவான், ஆறினாலும் கத்துவான்.

அந்த நாட்டில் இரண்டு ஆண்டாக மழை இல்லை. ஏரி வறண்டது, கிணறு வறண்டது, கறவை மாட்டின் மடியும் வறண்டது. ஆனாலும் மக்கள் கலங்கவில்லை. அரண்மனைக் களஞ்சியத்தில் ஆளுயரக் குதிர்கள் நிறைய நெல் இருந்தது. "தை பிறந்ததும் கதவைத் திறப்பேன். ஒருவரும் பசியோடு படுக்க மாட்டீர்கள்" என்று மன்னன் வாக்குக் கொடுத்திருந்தான். ஊரின் உயிர் முழுவதும் அந்தக் குதிர்களில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் மலை வேடர்கள் மன்னனுக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கன்னங்கரேல் என்று இருந்ததால் அரசி பூங்கோதை அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். மன்னனுக்கு அதைத் தரையில் விட மனமே வரவில்லை. சபைக்கும் தூக்கிக்கொண்டு போனான்.

அங்கேதான் வந்தது வினை. புலவர் ஒருவர் மன்னனின் புகழைப் பாடிக்கொண்டிருந்தபோது, மிளகு மடியிலிருந்து குதித்தது. சிம்மாசனத்தைச் சுற்றி மோந்து பார்த்தது. பட்டு விரிப்பின் நடுவில் உட்கார்ந்து, நிதானமாக, சபை முழுதும் பார்க்க, மூத்திரம் போனது.

புலவருக்குப் பாட்டு நின்றது. சாமரம் வீசியவளுக்குக் கை நின்றது. மன்னனுக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. அப்புறம் வந்ததே கோபம்! குட்டியின் கழுத்தைப் பிடித்து, மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்த்து, விசிறிக் காம்பால் ஓர் அடி போட்டான்.

"பால்குடி மறக்காத குட்டி. அதற்கு என்ன தெரியும்?" என்றாள் அரசி.

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், அரசியாரே" என்றார் அமைச்சர் மருதவாணர். காற்று அடிக்கிற பக்கம் தலையாட்டுகிற மனிதர் அவர்.

முதல் நாள் சபையில் ஓர் அடி. இரண்டாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் அடி. மூன்றாம் நாள், சொல்லவே நாக்குக் கூசுகிறது, பூசை அறை வாசலில் ஓர் அடி.

நான்காம் நாள் எங்கும் ஈரம் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. "பார்த்தீர்களா? மூன்றே அடி!" என்று மன்னன் மீசையை முறுக்கினான். சபை கைதட்டியது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப் போனாலும் மிளகு அங்கே மூத்திரம் போவதில்லை. மன்னன் முகத்தையே பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டு நிற்கும். திரும்பி வந்ததும் எங்கேயோ காணாமல் போகும். உள்ளே போனது எப்போதாவது வெளியே வரத்தானே வேண்டும்? அந்தக் கேள்வி ஒரு மண்டைக்கும் எட்டவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் அரண்மனையில் ஒரு நாற்றம் கிளம்பியது. சந்தனம் தெளித்தார்கள், போகவில்லை. அகில் புகைத்தார்கள், போகவில்லை. மல்லிகைச் சரம் கட்டினார்கள், மல்லிகையும் நாறியது.

"உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா?" என்று மன்னன் கேட்டான்.

"வாசனைதான் வருகிறது, மன்னா" என்றார் மருதவாணர், மூச்சை அடக்கிக்கொண்டு.

மன்னன் தானே தேடக் கிளம்பினான். சிம்மாசனத்துத் திரையை விலக்கினான். பின்னால் குட்டை குட்டையாகக் காய்ந்த மஞ்சள் கறை. திடுக்கிட்டான். ஆயுதச் சாலைக்குப் போனான். கவிழ்ந்து கிடந்த கேடயத்தைத் தூக்கினான். பாட்டனார் போரில் ஏந்திய கேடயம் அது. அதற்கு அடியில், ஐயையோ, குவியல்.

மூன்றாவதாக மூக்கு அவனைக் களஞ்சியத்துக்கு இழுத்துப் போனது. அரசியும் அமைச்சரும் பின்னால் ஓடினார்கள். வாசலில் களஞ்சியக் காவலன் நாகன் கையை விரித்து நின்றான்.

"உள்ளே வேண்டாம், மகாராஜா. ஒரே தூசி."

மன்னன் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். கடைசிக் குதிருக்குப் பின்னால் மிளகு உட்கார்ந்திருந்தது. மன்னனைக் கண்டதும் வாலைக் கால்களுக்கு இடையே சொருகிக்கொண்டு மூலையில் ஒண்டியது. மன்னன் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த நாற்றம் குட்டியுடையது மட்டும் இல்லை. குதிரிலிருந்தும் வந்தது.

மன்னன் குதிரின் அடிவாயை அடைத்திருந்த மூடியைப் பிடுங்கினான். பொலபொலவென்று நெல் கொட்டவில்லை. கட்டி கட்டியாக, கறுப்பாக, புழு நெளிய ஏதோ விழுந்தது. அடுத்த குதிரைத் திறந்தான், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மேலே ஒரு முழத்துக்கு நல்ல நெல், கீழே எல்லாம் மக்கல். தை பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது. ஊர் எதைத் தின்னும்?

"எப்படி ஆயிற்று இது?" என்று அலறினான்.

நாகன் தடாலென்று விழுந்தான். "கடைசியாகப் பெய்த பெருமழையில் கூரை ஒழுகியது, மகாராஜா. அப்போது இங்கே காவல் இருந்த வேலப்பன் அன்றைக்கே உங்களிடம் வந்து சொன்னான். 'என் களஞ்சியமா ஒழுகும்?' என்று அவனைக் கசையால் அடித்து ஊரைவிட்டே விரட்டினீர்கள். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? மேலே நல்ல நெல்லைப் பரப்பி மறைத்துவிட்டோம்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"அரண்மனையில் எல்லாருக்கும் தெரியும், மகாராஜா. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

மன்னன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் தரையைப் பார்த்தார். மன்னன் அரசியைப் பார்த்தான். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்குமா தெரியும்?"

"நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்."

இடி விழுந்தால்கூட மன்னன் அப்படி அதிர்ந்திருக்க மாட்டான். மூலையில் மிளகு நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நாகனும் அதே மாதிரி ஒண்டிக்கொண்டு நடுங்கினான். சற்றுமுன் ஓங்கிய தன் கையை மன்னன் பார்த்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே யானைகளையும் முத்து மாலைகளையும் அண்டை நாட்டுக்கு அனுப்பி நெல் கேட்டான். வேலப்பனைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவரச் சொல்லி, சபையறிய மன்னிப்புக் கேட்டான்.

குட்டியையும் மறுபடி முதலிலிருந்து பழக்கினான். எப்போது வெளியே தூக்க வேண்டும் என்பதை அரசி கவனித்து வைத்திருந்தாள்: தூங்கி எழுந்ததும், வயிறு நிறைந்ததும், ஆடி ஓய்ந்ததும். ஒவ்வொரு தடவையும் மன்னன் அதை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனான். அவனைக் கண்டால் அது போகாது என்பதால், முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் குந்தியிருந்தான். முடிசூடிய மன்னன் ஒரு நாயின் மூத்திரத்துக்காகக் காத்துக் கிடந்ததைப் பார்த்து அரண்மனையே வாயைப் பிளந்தது. ஒரு நாள் காலையில் மிளகு அந்த மரத்தடியிலேயே மூத்திரம் போனது. "அடி என் தங்கமே!" என்று மன்னன் குதித்த குதியில் கிரீடம் கழன்று உருண்டது. அவித்த கறித் துண்டு ஒன்றை அதன் வாயில் வைத்தான். உள்ளே தவறிப் போன நாட்களில் சத்தமில்லாமல் தன் கையாலேயே துடைத்தான். மெல்ல மெல்ல அதுவே கதவைச் சுரண்டிக் கூப்பிடக் கற்றுக்கொண்டது.

தை மாதத்துக்கு முன்பே நெல் வண்டிகள் புறப்பட்டு வந்தன. ஒரு நாள் உச்சி வேளையில், சபை நிறைந்திருந்தபோது, மருதவாணர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மன்னா, அண்டை நாட்டு மழையால் பெருகி ஓடும் எல்லை ஆற்றைக் கடக்கும்போது நெல் வண்டிகள் சாய்ந்துவிட்டன. பாதி நனைந்துவிட்டது. ஆழமில்லாத துறை வழியாக ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

மன்னனின் காது சிவந்தது, மூக்கு சிவந்தது, கண்ணும் சிவந்தது. சிம்மாசனத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எப்போது நனைந்தது?"

"இன்று காலையில்."

மன்னன் நீளமாக மூச்சு விட்டான். "அப்படியானால் ஒரு மணி நெல்லும் வீணாகாது. வெயில் இருக்கிறது. எல்லாரும் வாருங்கள், காயப் போடுவோம்." இறங்கி வந்து தன் பொன்னாடையை அமைச்சரின் தோளில் போர்த்தினான். "உடனே வந்து சொன்னீரே, நீர் நன்றாக இருக்க வேண்டும்."

சபை திகைத்துப்போய் நின்றது. பிறகு தளபதி மெல்லக் கையைத் தூக்கினார். "மன்னா, நானும் ஒன்று சொல்ல வேண்டும்." அவருக்குப் பின்னால் சமையற்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் கொத்தனார் வந்தார். நெல்லைக் காயப் போட்டுவிட்டு மன்னன் திரும்பி வந்து பார்த்தபோது, சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு நின்றவர்களின் வரிசை சபையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கோட்டை வாசல்வரை நீண்டிருந்தது. தன் நாட்டில் இவ்வளவு ஒளிந்திருந்ததா என்று அவனுக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டான்.

அடிக்குப் பயந்தவர் தப்பைக் கைவிடக் கற்றுக்கொள்வதில்லை, அதை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்கிறார்.