அதே குழியில் இன்னொரு கன்று

சிரித்துக்கொண்டே விடை சொல்லிவிடும் புதிர் இல்லை இது. முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொல்லுங்கள்.

கொடைக்கானல் மலையில் பைன் கன்று நடும் கூலி வேலைக்குப் போய்வந்தார்கள் மிக்கேலும் அவன் மனைவி சூசையம்மாளும். அவர்களுடைய தலைச்சன் பிள்ளை இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது அந்நாளைய வழக்கம். கன்று நட வெட்டியிருந்த குழிகளில் ஒன்றை ஆழப்படுத்தி, மிக்கேல் பிள்ளையை அங்கேயே புதைத்தான். மேலே சூசையம்மாள் தன் கையால் ஒரு கன்றை வைத்தாள். பிறகு உடம்பு தேறத் தாய்வீடு போனாள்.

அந்தக் கோடையில் கன்று காய்ந்துபோயிற்று. பட்டுப்போன கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறொன்று வைப்பது காட்டு வேலையில் சாதாரணம். மிக்கேலும் அப்படியே வைத்தான். வைத்துவிட்டு, ஆளில்லாத சரிவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மழைக்குப் பிறகு திரும்பிய சூசையம்மாள், "பாருங்க, எம்புள்ள பச்ச புடிச்சிருச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எவனுக்கு மனசு வரும்? அவனுக்கும் வரவில்லை.

அதன்பின் அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. காடு மட்டும் வானத்தை மறைத்து வளர்ந்தது. பிந்தி வைத்த கன்று, முந்திக்கொண்ட மரங்களின் நிழலில் நோஞ்சானாக நின்றது. சூசையம்மாள் அதைத்தான் கட்டிக்கொண்டு பிள்ளையோடு பேசுவதுபோலப் பேசுவாள். நெருக்கி நட்ட காட்டை அப்படியே விட்டால் எல்லா மரமும் நலிந்துபோகும். நோஞ்சான்களை வெட்டினால்தான் மற்றவை பருக்கும். வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போடும் வேலை, காட்டுக்குக் காவலாளாகிவிட்ட மிக்கேலிடமே வந்து சேர்ந்தது.

"அதுல மட்டும் கோடாலி படக்கூடாதுங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றாள் சூசையம்மாள்.

பண்ணினான். நோஞ்சானை விட்டுவிட்டு, அதற்கு வெயில் கிடைக்கட்டும் என்று சுற்றி நின்ற வாட்டசாட்டமான மரங்களுக்குக் குறி போட்டான்.

"என்ன மிக்கேலு, தலைகீழா குறி போடுற?" என்று கேட்டார் வனவர்.

"இந்த ஒரு எடத்துல மட்டும் விட்ருங்க சார்."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த வரிசைக்கு நடந்தார்.

அடுத்த ஆடிக்காற்றில், சுற்றிலும் தாங்க ஆளில்லாத அந்த ஒல்லி மரம் முறிந்து விழுந்தது.

சூசையம்மாள் அதன்மேல் விழுந்து கதறினாள். "என் கையால வச்ச கன்னுங்க! ரெண்டாந்தரமும் எம்புள்ளயப் பறிகொடுத்துட்டேனே!"

மிக்கேல் பக்கத்தில் நிற்கிறான். அது அவள் வைத்த கன்று இல்லை என்ற பேச்சு அவன் தொண்டைவரை வந்து நிற்கிறது. சொன்னால் அவள் அழுகை அடங்கலாம். அல்லது, இத்தனை காலம் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு பேசியதெல்லாம் வீண் என்று அவள் உடைந்தே போகலாம்.

மிக்கேல் உண்மையைச் சொல்வது சரியா, வாய்மூடி நிற்பது சரியா?

விடை: சொல்வதுதான் சரி. சொன்னால் அவள் துக்கம் குறையும் என்று நான் நினைக்கவில்லை, குறையாது. வேறு கன்றாக இருந்தால் என்ன, அது நின்றது அவள் பிள்ளையின் மேல்தானே? ஆனால் கன்றை மாற்றி வைத்த அன்று அவன் தனியாக அழுதான். இன்று அவள் தனியாக அழுகிறாள். ஒரே பிள்ளைக்காக அப்பனும் ஆத்தாளும் இன்றுவரை சேர்ந்து அழுததே இல்லை.